நம் வாயிலில் ஒரு நெய்தல் நிலம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் சங்கத்தின் மரபு. கம்பனைப் பற்றியும் சிலம்பைப் பற்றியும் பேசக் கேட்டு மகிழ்ந்த இந்த அவையில், 'தானே கழியும் அதன் சரணாலயமும்' என்ற பொருளில் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தபோது, சேற்றைப் பற்றி அரைமணி நேரம் பேசினால் அவையோர் பொறுப்பார்களா என்று கேட்டேன். "நாள்தோறும் அதன்மேல் ரயிலில் போகிறோமே, அது என்ன என்றாவது தெரிய வேண்டாமா?" என்றார் அவர். நியாயமான கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை தேடப் புகுந்தபோதுதான், இப்பொருளும் இலக்கியத்திற்கு அப்பாற்பட்டதன்று என்பது புலனாயிற்று. ஆங்கிலத்தில் 'கிரீக்' என்றும், மராட்டியில் 'காடி' என்றும் வழங்குவதைத் தமிழர் 'கழி' என்றனர். கடல்நீர் நிலத்தினுள் புகுந்து கிளைத்துக் கிடக்கும் நீர்ப்பரப்பே கழி. கழியும் கானலும், கண்டலும் தாழையும், நாரையும் அலவனும், உப்பளமும் உமணரும், வலையெறியும் பரதவரும் சேர்ந்ததே நம் முன்னோர் கண்ட நெய்தல் திணை. அத்திணையின் கருப்பொருள்களில் பெரும்பாலானவை, மான்கூர்டிலிருந்து வாஷிக்குச் செல்லும் ரயிலின் சன்னல் வழியாக, ஐந்தாறு நிமிடங்களுக்குள் நம் கண்ணில் படுகின்றன. நாமோ அந்த நிமிடங்களில் செய்தித்தாளை மடித்துவிட்டுக் கைப்பேசியை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

தானே கழியின் நீளம் ஏறத்தாழ 26 கிலோமீட்டர். தெற்கே மும்பைத் துறைமுகத்தில் அகன்று தொடங்கி, வடக்கே செல்லச் செல்லக் குறுகி, தானே நகரின் அருகே உல்லாஸ் ஆற்றோடு ஒரு சிறு வாய்க்கால் போலத் தொடர்புகொள்கிறது. மேற்குக் கரையில் டிராம்பே, காட்கோபர், விக்ரோளி, காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட். கிழக்குக் கரையில் ஐரோலி, கோபர்கைர்ணே, வாஷி, நெருல். இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16ஆம் நாள் போரிபந்தரிலிருந்து தானே வரைதான் ஓடியது. கழியைக் கடந்து கல்யாணை அடைய மறு ஆண்டு பாலம் வேண்டியிருந்தது. அன்று தொடங்கிய பாலம் கட்டும் பணி இன்னும் ஓயவில்லை. 1973இல் வாஷிக்குச் சாலைப் பாலம் வந்தது. 1992இல் ரயில் பாலம் வந்தது. நம்மவர் பலர் செம்பூரையும் மாதுங்காவையும் விட்டு வாஷியிலும் நெருலிலும் வீடு வாங்கியது அதன் பின்னர்தான். 2024 ஜனவரியில் சிவ்ரியிலிருந்து நாவா சேவா வரை 21.8 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சேது திறக்கப்பட்டது. கரையில் நின்று பார்ப்போர்க்குப் பாலங்கள் தெரிகின்றன. அவற்றின் கீழே நடப்பதை அறிய ஓதத்தின் கணக்கை அறிதல் வேண்டும்.

நாளொன்றுக்கு இருமுறை கடல் இக்கழியினுள் ஏறுகிறது, இருமுறை வடிகிறது. ஏற்றத்தைக் கோளிகள் 'பர்தி' என்பர். வற்றத்தை 'ஓஹோட்டி' என்பர். நேற்று ஏறிய நேரத்திற்கு இன்று ஏறாது. ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் ஏற்றமும் மிகுதி, வற்றமும் மிகுதி. நீர்மட்டம் 4 மீட்டருக்கு மேலும் ஏறி இறங்குவதுண்டு. நம் வீட்டுப் பஞ்சாங்கத்தில் திதி பார்த்தே எந்த நாளில் பெரு ஓதம் வரும் என்று சொல்லிவிடலாம். நீர் வடிந்ததும், கண்ணுக்கெட்டிய தூரம் பளபளக்கும் சேற்றுவெளி ஒன்று வெளிப்படுகிறது. அதைப் பாழ்நிலம் என்று நகரத்தார் நெடுங்காலம் எண்ணினர். உண்மையில் அதுதான் இக்கழியின் விளைநிலம். அதன் மேற்பரப்பில் கண்ணுக்குப் புலப்படாத பாசிகளும், சேற்றுக்குள் புழுக்களும், சிப்பிகளும், நண்டுகளும் செழிக்கின்றன. 'நிவ்டி' என்று கோளிகளும் ஆக்ரிகளும் விரும்பி உண்ணும் சிறு மீனொன்று, நீரைவிட்டு வெளியே வந்து, முன்துடுப்புகளை ஊன்றிச் சேற்றின்மேல் தாவித் திரிகிறது. குழந்தைகளுக்குக் காட்ட அதைவிட வேடிக்கையான உயிர் இவ்வட்டாரத்தில் வேறில்லை.

சேற்றுவெளியின் ஓரத்தில் நிற்பது கண்டற்காடு. தில்லை என்ற மரத்தின் பெயரால்தான் சிதம்பரம் தில்லை என வழங்குகிறது. அதுவும் இக்காட்டினத்தைச் சேர்ந்த மரமே. பிச்சாவரத்துக் கால்வாய்களில் படகில் சென்றோர், சுரபுன்னையின் முட்டுவேர்கள் நீருக்குள் வளைந்து இறங்குவதைக் கண்டிருப்பீர்கள். தானே கழியில் மிகுதியாக நிற்பது வெண்கண்டல், மராட்டியில் 'திவர்'. காற்று நுழைய முடியாத சேற்றில் வேர் எவ்வாறு மூச்சுவிடும்? ஆகவே அம்மரம், பென்சில்களை நட்டு வைத்தாற்போல, நூற்றுக்கணக்கான மூச்சுவேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டுகிறது. உவர்நீரை உறிஞ்சி, உப்பை இலை வழியே வெளியேற்றுகிறது. இலையைத் தொட்ட விரலை நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும். அதன் வேர்களுக்கிடையில்தான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் பகைக்குத் தப்பி வளர்கின்றன.

2005 ஜூலை 26ஆம் நாளை மும்பைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. நீர் வடியும் வழிகளை அடைத்துக்கொண்டு நகரம் வளர்ந்ததன் பயன் அன்று தெரிந்தது. அவ்வாண்டு அக்டோபரில், சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் தொடுத்த வழக்கில், மாநிலமெங்கும் கண்டற்காடுகளை அழிப்பதைப் பம்பாய் உயர்நீதிமன்றம் தடை செய்தது. 2012இல் மகாராஷ்டிர அரசு அவற்றைக் காக்கவென்றே வனத்துறையில் தனிப் பிரிவொன்றை ஏற்படுத்தியது. விக்ரோளியில் கோத்ரெஜ் நிறுவனத்தார் தம் வசமுள்ள கண்டற்காட்டை 1980களிலிருந்தே பேணி வருவதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

இனி, கழிக்குப் புகழ் தேடித் தந்த விருந்தினரைப் பற்றிச் சொல்கிறேன். தமிழில் பூநாரை, மராட்டியில் ரோஹித் என்றும் அக்னிபங்க் என்றும் வழங்கும் பறவை. நெட்டைக் கால், வளைந்த கழுத்து, நடுவில் மடிந்தாற்போன்ற அலகு. அலகைத் தலைகீழாகச் சேற்றுநீரில் கவிழ்த்து, நாவால் நீரை இறைத்து, அலகின் உள்விளிம்பிலுள்ள சல்லடையில் உணவை வடித்து உண்ணும் விந்தை அதற்கு மட்டுமே உரியது. இங்கே இருவகை உண்டு. பெரும்பூநாரை சிறு உயிர்களையும் சேர்த்து வடித்து உண்ணும். சிறுபூநாரைக்குப் பாசியே பெரும்பாலும் உணவு. குஞ்சு பிறக்கும்போது சாம்பல் நிறம். உணவிலுள்ள நிறப்பொருள் உடம்பில் ஏறி ஏறியே பின்னர் இளஞ்சிவப்பாகிறது. குஜராத்தின் கட்ச் உவர்நிலத்தில் மண்ணைக் குவித்துக் கூடு கட்டி, பெரும்பாலும் ஒரே முட்டை இட்டுக் குஞ்சு பொரித்து, நவம்பர் வாக்கில் இங்கு வரத் தொடங்கிக் கோடையின் முடிவில் திரும்புகின்றன. கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் நாம் காணும் பறவையினமே இது.

1990களில்தான் இவை சிவ்ரிச் சேற்றுவெளியில் பெருங்கூட்டமாக வரத் தொடங்கின. பின்னர்க் கழியெங்கும் பரவின. அண்மைக் கணக்கெடுப்புகளில் ஓர் இலட்சத்திற்கு மேற்பட்டவை காணப்பட்டன. இவ்வளவு பறவை ஏன் இங்கு வந்தது என்பதற்கு அறிஞர் கூறும் காரணம் நமக்குச் சற்றுக் கூச்சம் தரக்கூடியது. மும்பையும் தானேயும் நவி மும்பையும் கழிக்குள் விடும் கழிவுநீர், பாசிக்கு உரமாகிறது. பாசி மிகுவதால் சிறுபூநாரைக்கு உணவு மிகுகிறது. அதே கழிவுநீர் நீரிலுள்ள உயிர்வளியைக் குறைத்து மீனை விரட்டுகிறது. கழியில் கழிவு சேர்ந்ததால் ஒரு பறவை வாழ்ந்தது, ஒரு குலம் தாழ்ந்தது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. சிவந்த பறவைகளைப் படம் பிடித்து மகிழ்வோர், அவற்றின் வருகையையே கழியின் நலத்திற்குச் சான்றாகக் கொள்வதை நான் ஏற்கமாட்டேன்.

தாழ்ந்த குலம் என்று நான் குறித்தது, இக்கரையின் முதற்குடிகளான கோளிகளின் வாழ்வு தாழ்ந்ததையே. டிராம்பே, வாஷி, திவா, ஐரோலி முதலிய ஊர்களில் இன்றும் கோளிவாடாக்கள் இருக்கின்றன. மடவை, கெளுத்தி, இறால், சேற்று நண்டு ஆகியவை அவர்களின் பழைய செல்வம். தொழிற்பேட்டையும் சாக்கடையும் பாலத் தூண்களும் வந்தபின், அருகில் கிடைத்தது தொலைவுக்குச் சென்றாலும் கிடைப்பதில்லை. ஓதத்தின் விசை தணிந்து, வண்டல் படிந்து, கழி ஆழம் குறைந்துவிட்டது. வாஷியில் மூன்றாம் பாலம் எழுந்தபோது, தங்கள் பிழைப்புக்கு நேரும் இழப்பைக் குறித்து மீனவர் கூட்டுறவுச் சங்கத்தார் நீதிமன்றம் சென்றனர். பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்க வேண்டும் என்று 2021இல் பம்பாய் உயர்நீதிமன்றம் கூறியது. பாலத்தைக் கடப்பவர் நாம். அதற்கு விலை கொடுத்தவர் அவர். இதை நாம் அறிந்திருத்தல் முறை.

2015 ஆகஸ்டில், ஐரோலிப் பாலத்திற்கும் வாஷிப் பாலத்திற்கும் இடைப்பட்ட 1,690 ஹெக்டேர் பரப்பைப் பூநாரைச் சரணாலயமாக மகாராஷ்டிர அரசு அறிவித்தது. அதில் 896 ஹெக்டேர் கண்டற்காடு. எஞ்சிய 794 ஹெக்டேர் நீர்ப்பரப்பு. கடல்சார்ந்த சரணாலயங்களுள் மால்வணுக்கு அடுத்து மகாராஷ்டிரத்தில் இது இரண்டாவது. 2022 ஆகஸ்டில், இதனையும் சுற்றுப்பகுதியையும் சேர்த்து 6,521 ஹெக்டேர் பரப்பு, உலகச் சிறப்புடைய ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அன்று இந்தியாவிலிருந்து அறிவிக்கப்பட்டவை 11. அவற்றுள் நான்கு தமிழகத்தைச் சேர்ந்தவை: இராமநாதபுரம் மாவட்டத்துச் சித்திரங்குடியும் கஞ்சிரங்குளமும், திருவாரூர் மாவட்டத்து வடுவூரும், குமரி மாவட்டத்துச் சுசீந்திரம் தேரூரும். இந்த அவையில் அம்மாவட்டங்களைச் சேர்ந்தோர் பலர் இருக்கிறீர்கள். உங்கள் ஊர்க் கண்மாயும் நீங்கள் குடியேறிய ஊரின் கழியும் ஒரே நாளில் ஒரே பட்டியலில் ஏறின.

சரணாலயம் என்று எல்லை கட்டிவிட்டால் பறவை காக்கப்பட்டுவிடும் என்று எண்ணுவது இயல்பு. இங்குதான் ஓதம் குறுக்கிடுகிறது. நீர் வற்றியிருக்கும்போது பூநாரை சேற்றுவெளியில் மேயும். நீர் ஏறியதும் சேறு மூழ்கிவிடும். அப்போது ஓர் இலட்சம் பறவையும் எங்கே நிற்கும்? ஆழமற்ற நீர்நிலைகள் அண்மையில் வேண்டும். பாண்டுப் நீரேற்று நிலையத்தை ஒட்டிய குட்டைகள், நெருலில் கடல்சார் பயிற்சிக் கல்லூரியின் பின்னுள்ள ஈரநிலம், அதன் அருகிலுள்ள ஏரிகள் ஆகியவையே அவற்றின் தங்குமிடங்கள். இவற்றுட் பல சரணாலய எல்லைக்கு வெளியே, வீட்டுமனைக்கு மிக உயர்ந்த விலை பேசப்படும் இடத்தில் இருக்கின்றன. உண்ணும் இடத்தைக் காத்து, உறங்கும் இடத்தை விற்றால் விருந்தினர் எத்தனை நாள் தங்குவர்?

2024இல் நடந்தவை இக்கேள்வியை ஏட்டுக் கேள்வியாக விட்டுவைக்கவில்லை. அவ்வாண்டு கோடையில் நெருலில் ஒரு பள்ளியை அடுத்த ஏரி வறண்டது; கழிநீர் உள்ளே வரும் வழிகள் அடைபட்டிருந்தமை பின்னர்ச் சுட்டிக்காட்டப்பட்டது. இறங்க வந்த பறவைகளுட் சில திசை தடுமாறி அப்பகுதியில் மடிந்தன. மே 20ஆம் நாள் இரவு, காட்கோபருக்கு மேலே தரையிறங்கிக்கொண்டிருந்த விமானம் ஒன்றில் ஒரு கூட்டம் மோதியது. விமானம் பழுதுற்றாலும் பத்திரமாக இறங்கியது. 30க்கு மேற்பட்ட பூநாரைகள் வீதிகளிலும் மாடிகளிலும் விழுந்து கிடந்தன. 2025இல் அந்நெருல் ஏரியைக் காப்பகமாக்க மாநில வனவுயிர் வாரியம் இசைந்தது. அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளின் மக்கள் இடைவிடாது முறையிட்டதன் பயன் அது. அவர்கள் நம்மைப் போன்ற குடும்பத்தினரே. அலுவலகம் போய் வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பதாகை ஏந்தி நின்றவர்கள்.

மற்றொரு செய்தி, வீடு வாங்கியோர் காதில் விழ வேண்டியது. நவி மும்பையின் பெரும்பகுதி பெரு ஓத மட்டத்தை ஒட்டிய தாழ்ந்த நிலத்தில் எழுந்தது. ஆகவே ஹாலந்து நாட்டு முறையைப் பின்பற்றி, 'ஹோல்டிங் பாண்டு' எனப்படும் தேக்கக்குளங்களைச் சிட்கோ அமைத்தது. மழைநீர் முதலில் இக்குளங்களில் சேரும். கழியில் நீர் ஏறும்போது மடைக்கதவு அழுத்தத்தால் தானே மூடிக்கொள்ளும். வற்றும்போது திறந்து மழைநீரை வெளியே விடும். கழி தூர்ந்து மேடானால் இந்தக் கதவு திறந்தும் பயனில்லை. குளங்களில் வண்டல் நிறைந்து, அவ்வண்டலில் கண்டல் முளைத்து, தூர்வாரப் போனால் கண்டலை வெட்ட நேர்கிறது. வெட்டாமல் விட்டால் தெருவில் நீர் நிற்கிறது. இதற்கு எளிய விடை என்னிடம் இல்லை. கண்டல் எங்கு முளைத்தாலும் நன்மை என்று பேசுவோரையும், கண்டலே தொல்லை என்று பேசுவோரையும் ஒருசேர இக்குளக்கரைக்கு அழைத்துவந்து நிறுத்த வேண்டும் என்றே தோன்றுகிறது.

நம் வீட்டுக் கணக்கையும் சற்றுப் பார்ப்போம். பூசையில் இறைவனுக்குச் சாத்திய மாலையைக் குப்பையில் போடக்கூடாது என்ற நல்லெண்ணத்தால், அதைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, ரயில் பாலத்தின் மேலிருந்து கழியில் எறிவோர் பலர். பூ மட்கிவிடும், பை மட்காது. ஓதம் அதைக் கொண்டுபோய் மூச்சுவேர்களின்மேல் போர்த்துகிறது. மரம் மூச்சுத் திணறுகிறது. கோளியின் வலையில் மீனுக்கு முன்னே அப்பை ஏறுகிறது. நகராட்சிகள் நிர்மால்யத்திற்கெனத் தனிக் கலசங்கள் வைத்திருக்கின்றன. தாய்மார்கள் இதை மனத்திற் கொள்ள வேண்டும் என்று சொல்ல வந்தேன்; ஆனால் பையை எறிவது பெரும்பாலும் அலுவலகம் செல்லும் ஆடவர்தாம்.

மேடையேறுவோர் பூநாரையை நமக்கு உவமையாக்குவது எளிது. நாமும் பிழைப்புத் தேடி வந்தவர், அதுவும் இரை தேடி வந்தது என்பார்கள். உவமை முழுதும் பொருந்தாது. பூநாரை முட்டையிடத் தன் ஊருக்குத் திரும்புகிறது. நம் பிள்ளைகளோ செம்பூரிலும் முலுண்டிலும் வாஷியிலும் பிறந்தவர்கள். தாமிரபரணியையும் காவிரியையும் அவர்கள் விடுமுறைக்குப் போய்ப் பார்க்கிறார்கள். அவர்கள் வளரும் கரை இந்தக் கழிக்கரைதான். நெய்தல் திணையைப் பாடநூலில் மனப்பாடம் செய்யும் பிள்ளையிடம், 'கண்டல் என்றால் அதோ அது' என்று கைநீட்டிக் காட்டும் வாய்ப்பு, மதுரையில் வாழும் தமிழ்ப் பெற்றோர்க்குக் கூட இல்லை.

காண விரும்புவோர்க்கு வழி எளிது. ஐரோலியில் வனத்துறையின் கடலோர, கடல்வாழ் பல்லுயிர் மையம் இருக்கிறது. அங்கே காட்சிக்கூடம் உண்டு. கண்டலினூடே நடைபாதை உண்டு. பருவகாலத்தில் கழிக்குள் படகில் அழைத்துச் செல்கிறார்கள். படகு கடிகாரத்தைப் பார்த்துப் புறப்படுவதில்லை. ஓதத்தைப் பார்த்தே புறப்படுகிறது. ஆகவே முன்பதிவு செய்யும்போது நேரத்தைக் கேட்டறிதல் வேண்டும். படகேற இயலாத முதியோர் நெருலில் நீர்க்கரையை ஒட்டிய நடைபாதையில் மாலையில் உலாவலாம். பாண்டுப் பக்கம் சென்றால் பூநாரையோடு, வடநாடுகளிலிருந்து வரும் உள்ளான்களையும், உப்பளப் பாத்திகளையும் காணலாம். வெண்ணிற ஆடை தவிர்த்து, குரல் தாழ்த்திச் செல்வது நன்று. நம் குடியிருப்பினர் பத்துப் பேர் சேர்ந்தால் அமைதி காப்பது அரிது என்பதை நான் அறிவேன். ஆயினும் முயன்று பார்க்கலாம்.

வரும் பிப்ரவரியில் சங்கத்தின் சார்பில் ஐரோலிக்கு ஒரு பயணம் ஏற்பாடு செய்யுமாறு செயலாளரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாளைக் குறிக்கும்போது நல்ல நேரத்தோடு, வற்றும் நேரத்தையும் பார்த்துக் குறிக்க வேண்டும். எழுமூர் விரைவு வண்டிக்கு அனுப்பும் ஊர்க்காரர் யாரேனும் அன்று வந்திருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள். பிள்ளைகளுக்கு ஓர் இருநோக்கிக் குழல் வேண்டும். பெரியவர்களுக்குத் தயிர்சாதம் போதும், ஆனால் அது பிளாஸ்டிக் பையில் வேண்டாம். பெயர் கொடுக்க விரும்புவோர், விழா முடிந்ததும் நுழைவாயிலில் உள்ள மேசையில் எழுதிக் கொடுக்கலாம்.